மெட்டல் ட்ரம்மர்கள்: மட்டக்களப்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் பிள்ளைகளுக்கு ட்ரம்ஸ் பழக்குகிறேன். திருவிழாக் காலத்தில் இசைக்குழுவிலும் வாசிக்கிறேன். எனக்குப் பிடித்தது ஹெவி மெட்டல் என்ற கனமான ரொக் இசை என்று தெரிந்தவுடன் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பழக வரும் பிள்ளைகள் ஒரு விதமாகக் கேட்பார்கள், அவர்களைக் கூட்டிவரும் தாய் தகப்பன்மார் இன்னொரு விதமாகக் கேட்பார்கள். அடிக்கடி வருகிறவற்றுக்கு ஆறுதலாக இங்கே பதில் எழுதுகிறேன்.

மெட்டல் என்றால் வெறும் சத்தம்தானே தம்பி? அதில் ரசிக்க என்ன இருக்கிறது?

சத்தம் கூடத்தான். ஆனால் கூத்துப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்கு இந்தச் சத்தத்துக்குள் நுழைய ஒரு வழி ஏற்கெனவே தெரியும். வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். ராசா வரவு ஆடி வருவார். அந்த நேரத்தில் விசயம் தெரிந்த ஆட்கள் மத்தளக்காரரின் விரல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்துக் கொண்டிருப்பதில்லை. சதங்கையும் மத்தளமும் ஒரே இடத்தில் விழுகிறதா, களைத்துப்போன ஆட்டக்காரனை மத்தளம் அடுத்த சுற்றுக்குத் தூக்கிக்கொண்டு போகிறதா, தீர்மானம் வைக்கும்போது, அதாவது தாளத்தை முடித்து நிறுத்தும்போது, எல்லாரும் ஒன்றாக வந்து நிற்கிறார்களா, இதைத்தான் பார்ப்பார்கள்.

மெட்டல் ட்ரம்மரையும் நான் இப்படித்தான் கேட்கிறேன். கிட்டார்கள் ஆடுகின்றன, ட்ரம்ஸ் ஆட்டுவிக்கிறது. கீழே வரும் பெயர்களில் பயங்கர வேகக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேகம் மட்டும் இருந்து ஆட்டுவிக்கத் தெரியாதவர் ஒருவரும் என் பட்டியலில் இல்லை.

புதிதாகக் கேட்பவர் யாரில் தொடங்க வேண்டும்?

பில் வார்டில். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் அஸ்டன் பகுதியில் பிறந்தவர், பிளாக் சபாத் குழுவின் ட்ரம்மர். அவர்களின் முதல் இசைத்தட்டு 1970 பெப்ரவரி 13ஆம் தேதி வந்தது. மெட்டல் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று பெரும்பாலானோர் சொல்வார்கள். கிட்டார் மலை மாதிரி கனமாக இறங்கும். வார்ட் அந்தக் கனத்துக்கு மேல் இன்னும் கனத்தைக் கொட்டமாட்டார். அவர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், ஜாஸ் ட்ரம்மர் ஜீன் க்ரூபாவின் பாதிப்பு உள்ளவர். அதனால் அடிகள் சற்றே ஊசலாடும், கிட்டார் விட்ட இடைவெளியில் புகுந்து பேசும். இன்றைக்கு மெட்டல் வாசிக்கும் பலரிடம் இந்த ஊசல் இல்லை. கணினித் திரையில் கோடு போட்டு வைத்த மாதிரி எல்லாம் நேராக இருக்கிறது. அது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. 2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில், பழைய நான்கு பேரும் கடைசியாக ஒன்றாக மேடையேறியபோது வார்ட்தான் வாசித்தார்.

மறுகா ஜோன் பொனம். அவருடைய லெட் செப்லின் குழு மெட்டலா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அவரை விட்டுவிட்டு மெட்டல் ட்ரம்ஸைப் பற்றிக் கதைக்க முடியாது, அவ்வளவுதான். 1969இல் வந்த முதல் தட்டின் முதல் பாட்டிலேயே பேஸ் ட்ரம்மை, அதாவது காலால் பெடலை மிதித்து அடிக்கிற பெரிய ட்ரம்மை, ஒற்றைப் பெடலில், ஒரே வலது காலால், மும்மூன்றாகப் பிரித்து அடிப்பார். கேட்ட பலர் இரண்டு பேஸ் ட்ரம் என்று நினைத்தார்கள். 1980இல் 32 வயதில் இறந்துபோனார். அவர் இல்லாமல் குழுவும் தொடரவில்லை.

இரண்டு காலாலும் அடிக்கிற பழக்கம் எப்போது வந்தது?

இது மெட்டல்காரர் கண்டுபிடித்தது இல்லை. ஜாஸ் ட்ரம்மர் லூயி பெல்சன் 1940களிலேயே இரண்டு பேஸ் ட்ரம் வைத்து வாசித்தார். ரொக் பக்கம் ஜிஞ்சர் பேக்கரும் கீத் மூனும் வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டு காலையும் ஓடவிட்டு ஒரு பாட்டு முழுவதையும் அதன் மேலேயே தூக்கி நிறுத்தியது 1979இல் மோட்டர்ஹெட் குழுவின் 'ஓவர்கில்'. வாசித்தவர் பில் டெய்லர். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது கால் மறுபடி தொடங்கும், அதுவும் ஒரு முறைக்கு மேல். அதற்குப் பிறகு வந்த வேக மெட்டல் ட்ரம்மர் யாரைக் கேட்டாலும் இந்தப் பாட்டைத் தாண்டி வந்ததாகத்தான் சொல்வார்.

இப்போது பெரும்பாலும் ஒரே பேஸ் ட்ரம்தான், அதில் இரட்டைப் பெடல். இடது பெடலிலிருந்து ஒரு கம்பி வலது பக்கம் போய் இரண்டாவது அடிப்பானை இயக்கும். இடமும் மிச்சம், லொறியில் ஏற்றும் சாமானும் குறைவு.

உங்களுக்கு மிகப் பிடித்தவர் யார்? ஒருவரை மட்டும் சொல்லுங்கள்.

டேவ் லொம்பார்டோ. யோசிக்காமல் சொல்வேன்.

1965இல் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர், சின்னக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. ஸ்லேயர் குழுவில் வாசித்தார். 1986இல் வந்த அவர்களின் 'ரெயின் இன் பிளட்' மொத்தமே 29 நிமிடம்தான் ஓடும். அதன் முதல் பாட்டின் பிற்பகுதியில் எல்லாக் கருவியும் நின்று, இரண்டு பேஸ் ட்ரம் மட்டும் சில வினாடிகள் தனியாக ஓடும். அந்தச் சில வினாடிகளுக்காக உலகம் முழுவதும் எத்தனையோ பிள்ளைகள் பெடல் வாங்கியிருக்கிறார்கள்.

சரி, அதில் என்ன அதிசயம்? ஒரு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 200 துடிப்பு உள்ள பாட்டில், ஒவ்வொரு துடிப்புக்கும் நான்கு அடி என்றால் நிமிடத்துக்கு 800 அடி, வினாடிக்கு 13க்குக் கொஞ்சம் கூட. இரண்டு கால் பங்கு போட்டாலும் ஒரு கால் வினாடிக்கு ஆறு ஏழு தடவை இறங்க வேண்டும். அந்த வேகத்தில் தொடையைத் தூக்கி அடிக்க முடியாது, கணுக்கால்தான் வேலை செய்யும். ஆனால் கணுக்காலால் மட்டும் அடித்தால் அடி மெலிந்து போகும். வேகம் ஏற ஏற, தொடையிலிருந்து கணுக்காலுக்கு வேலையை மாற்ற வேண்டும், மாற்றுகிற இடம் கேட்பவருக்குத் தெரியக்கூடாது. என்னிடம் பழகும் பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் தடுக்கி விழுவது அந்த மாறும் இடத்தில்தான். ஒரு கால் முந்தும், குதிரை ஓடுகிற மாதிரி நொண்டும்.

இன்றைக்கு லொம்பார்டோவை விட வேகமான கால்கள் நிறைய இருக்கின்றன. இருந்தும் அவரை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அவர் வாசிப்பில் ஆபத்து இருக்கிறது. பாட்டு கவிழ்ந்துவிடும் போல முன்னால் சாயும், ஆனால் கவிழாது. டொம் என்று சொல்லும், ஸ்டிக்கால் அடிக்கிற ட்ரம்களில் உருட்டிக்கொண்டு வந்து சரியாக அந்த ஒரு அடியில் இறங்குவார், முழுக் குழுவும் அவரோடு சேர்ந்து இறங்கும். எங்கள் ஆட்களின் பேச்சில் சொன்னால், தீர்மானம் சுத்தமாக இருக்கும்.

இரட்டைப் பெடல் இல்லாவிட்டால் மெட்டல் வாசிக்க முடியாதா?

பெடல் வாங்க வசதி இல்லாத பிள்ளைகள் கவலையோடு கேட்கும் கேள்வி இது. அவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது அயன் மெய்டன் குழுவின் நிக்கோ மக்பிரெயினை. 1982இன் கடைசியில் சேர்ந்தார், 1983இல் வந்த தட்டின் முதல் பாட்டை ட்ரம்ஸ் உருட்டலோடு திறந்து வைத்தார். அந்தப் பாட்டு முழுவதும் பேஸ் ட்ரம் மும்மூன்றாகத் துள்ளும். எல்லாம் ஒரு கால், ஒரு பெடல். உலகத்தின் மிகப் பெரிய மெட்டல் குழுக்களில் ஒன்றில் நாற்பது வருடத்துக்கு மேல் பெரும்பாலும் இப்படித்தான் வாசித்தார். 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்தது. அதே வருடம் திரும்பி வந்து சுற்றுப்பயணம் போனார். 2024 டிசம்பர் 7ஆம் தேதி பிரேசிலின் சாவோ பாவுலோவில் வாசித்துவிட்டு மேடைப் பயணத்தை நிறுத்திக்கொண்டார்.

அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்த கிளைவ் பர்ரையும் கேளுங்கள். 1982இல் வந்த 'த நம்பர் ஒப் த பீஸ்ட்' அவர் வாசித்தது. அடி குறைவு, எல்லாம் தேவையான அடி.

இது சாத்தான் பாட்டா? என் மகன் சபையில்தான் ட்ரம்ஸ் வாசிக்கிறான், அதனால் கேட்கிறேன்.

நியாயமான கவலை, அக்கா. பதிலை நேராகச் சொல்கிறேன். சில குழுக்களின் பாடல் வரிகள் இருண்டவை, சிலவற்றைச் சின்னப் பிள்ளைக்கு நான் போட்டுக் காட்டமாட்டேன். ஆனால் இப்போது சொன்ன நிக்கோ மக்பிரெயின் 1999இல் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்து, அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே அயன் மெய்டனிலும் வாசித்தவர். ஸ்லேயரின் பாடகர் டொம் அராயா கத்தோலிக்கர். மகன் எதைக் கேட்கிறான் என்று பக்கத்தில் இருந்து நீங்களும் கேளுங்கள். வீட்டுக்கு வீடு வரம்பு வேறு, அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

மெட்டாலிகா குழுவின் ட்ரம்மர் லார்ஸ் உல்ரிச்சை ஏன் எல்லாரும் குறை சொல்கிறார்கள்?

மேடையில் சில இரவுகளில் தாளம் ஆடுகிறது என்பதால். அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் மெட்டாலிகாவின் 1980களின் தட்டுகளைக் கேட்டால், அவர் ட்ரம்ஸை வைத்துப் பாட்டைக் கட்டுகிற விதம் தெரியும். கிட்டார் எங்கே திரும்புகிறதோ அங்கே அவரும் திரும்புவார், எந்த இடத்தில் எத்தனை சுற்று வர வேண்டும் என்ற கணக்கு அவருடையது. 1988இல் வந்த 'வன்' பாட்டின் நடுவில் இரண்டு காலும் கிட்டாரும் சேர்ந்து இயந்திரத் துப்பாக்கி மாதிரி வெடிக்கும். பாட்டே போரில் உடல் சிதைந்த ஒரு சிப்பாயைப் பற்றியது, அதனால் அந்த அடி அங்கே வெறும் வித்தையாக நிற்கவில்லை. அந்தச் சத்தத்தை நேரில் கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அந்த இடம் இலேசாகக் கடந்து போகாது.

பிளாஸ்ட் பீட் என்றால் என்ன? அதை யார் நன்றாக வாசிப்பார்?

ஸ்னேரும் (கூர்மையாக ஒலிக்கும் சின்ன ட்ரம்) பேஸ் ட்ரம்மும் சிம்பலும் (உலோகத் தட்டு) மாறி மாறியோ ஒன்றாகவோ இடைவெளியே இல்லாமல் விழுவது. பெயரைப் பரப்பியவர் மிக் ஹாரிஸ், பர்மிங்காமின் நேபாம் டெத் குழுவில் வாசித்தவர். 1987இல் வந்த அவர்களின் முதல் தட்டில் ஒரு வினாடி சொச்சம் மட்டும் ஓடுகிற பாட்டுகூட இருக்கிறது.

முதலில் கேட்பவருக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அடியை எண்ணப் பார்ப்பார். எண்ண வேண்டாம். அம்மன் கோயில் சடங்கில் உடுக்கு உச்சத்துக்குப் போகும்போது யாரும் அடியை எண்ணுவதில்லை. அது ஒரே இரைச்சலாகத் திரண்டு நிற்கும், அதற்கு மேல் பாட்டு மெதுவாக நகரும். பிளாஸ்ட் பீட்டும் அப்படித்தான் வேலை செய்கிறது: அடி வேகமாக இருக்கும், மேலே கிட்டாரின் சுரம் ஆறுதலாக மாறும்.

எல் சல்வடோரில் பிறந்த பீட் சண்டோவல் இதில் பெரிய கை. மோர்பிட் ஏஞ்சல் குழுவின் 1989 தட்டைக் கேளுங்கள். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது, ஒரு தட்டை அவரால் வாசிக்க முடியாமல் போனது. பிள்ளைகளிடம் நான் 'நிமிர்ந்து இரு, கதிரையின் உயரத்தைச் சரியாக வை' என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

மெஷுக்கா பாட்டில் எங்கே தாளம் போடுவது? எனக்குப் பிடிபடவே இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குச் சந்தோசம், ஏனென்றால் எங்கள் பிள்ளைகளுக்கு இதை வாயாலேயே விளக்கலாம்.

மெஷுக்கா சுவீடன் குழு, ட்ரம்மர் டோமஸ் ஹாகே. 2008இல் வந்த 'பிளீட்' என்ற பாட்டில் அவர் கால் செய்கிற வேலையை உலகம் முழுவதும் ட்ரம்மர்கள் பரீட்சையாக எடுத்துப் பழகுகிறார்கள். கால் போடும் அடிப்படைத் துண்டு இரண்டு குட்டி அடி, இரண்டு சாதாரண அடி. இரண்டு குட்டி அடியும் சேர்ந்து ஒரு சாதாரண அடியின் இடம்தான், அதனால் நான்கு அடி இருந்தாலும் அது பிடிக்கும் இடம் மூன்றுதான். மேலே கையோ நாலு நாலாகப் போகும்.

இப்போது மேசையில் நிதானமாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு 'தகதிமி' என்று நான்கு அசை. தட்டு பிடிபட்டதும், அசையின் வேகத்தை மாற்றாமல், வாயை மட்டும் 'தகிட தகிட' என்று மாற்றுங்கள். 'த' முதல் தட்டில் விழும். அடுத்த தட்டில் விழாது, அதற்கடுத்ததிலும் விழாது. மூன்று தட்டு கடந்து நான்காவதில் திரும்ப விழும். நாலு தட்டு ஒரு சுற்று என்று வைத்தால், சுற்றின் முதல் தட்டும் 'த'வும் மறுபடி சந்திக்க மூன்று சுற்று, அதாவது பன்னிரண்டு தட்டு போக வேண்டும். கை தாளத்தில் நிற்க, வாய் நழுவி நழுவி ஓடித் திரும்பி வருகிற அந்த உணர்வுதான் மெஷுக்கா. ஹாகே வாயால் செய்வதில்லை, காலால் செய்கிறார், நிமிடக் கணக்காக, ஒரு அடியும் மங்காமல்.

நீங்கள் கேட்கும்போது காலை விட்டுவிடுங்கள். சிம்பலைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுங்கள். தாளம் அங்கேதான் இருக்கிறது, எப்போதும் நாலுதான். நான்கைந்து தரம் கேட்ட பிறகு கால் தானாகக் காதுக்கு வரும்.

மத்தளம் பழகிய ஒரு பொடியனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது வெளியே நின்ற அவனுடைய பெரியப்பா, அவர் கூத்து ஆடியவர், உள்ளே வந்து 'மனே, கையை விடாத, வாய் எங்க போனாலும் கை நிண்டால் சரி' என்றார். அதை விட நன்றாக எனக்கும் சொல்லத் தெரியாது.

தபேலா வாசிக்கிற மெட்டல் ட்ரம்மர் யார்?

டூல் குழுவின் டனி கேரி. அமெரிக்கர், 1961இல் பிறந்தவர். அலோக் தத்தா என்ற தபேலாக் கலைஞரிடம் பழகினார். அவர் ட்ரம்ஸில் தபேலாவின் சாயல் எங்கே என்றால் டொம்களில். பெரும்பாலான ரொக் ட்ரம்மருக்கு டொம் என்பது உருட்டிவிட்டுப் போகிற இடம். கேரி அங்கேயே குடியிருப்பார், ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அதற்குள்ளேயே சின்ன மாற்றம் வைப்பார்.

2001இல் வந்த 'லாட்டரலஸ்' பாட்டில் எட்டில் ஒன்பது, எட்டில் எட்டு, எட்டில் ஏழு என்று தாளம் மாறி மாறி வரும். அந்த மூன்றையும் சேர்த்து எழுதினால் வரும் 987, முந்திய இரண்டு எண்ணைக் கூட்டினால் அடுத்த எண் வருகிற பிபோனாச்சி வரிசையில் உள்ள எண், பாடகர் சொல்லும் அசைகளும் 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறி இறங்கும். இந்தக் கணக்கு தெரியாமல் கேட்டாலும் பாட்டு உடலில் இறங்கும் என்பதுதான் எனக்குப் பெரிய விசயம். கணக்குத் தெரியாமலே கூட்டம் ரசிக்க வேண்டும், தெரிந்தவன் இன்னும் கொஞ்சம் ரசிக்க வேண்டும்.

அவர் 2019 தட்டின் 'நியூமா' பாட்டை மேடையில் வாசிக்கும் காணொளி யூடியூபில் இருக்கிறது, ட்ரம்ஸை மட்டும் காட்டுவார்கள். ஒருவர் எவ்வளவு நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு இவ்வளவையும் செய்கிறார் என்று பாருங்கள்.

எங்கள் பறைமேளத்தையும் மத்தளத்தையும் மெட்டலில் சேர்க்க முடியுமா?

முடியும். வழியைப் பிரேசில்காரர் காட்டிவிட்டார்கள். பெலோ ஹொரிசாந்தி நகரத்தின் செபுல்டுரா குழு 1996இல் 'ரூட்ஸ்' என்ற தட்டைப் போட்டது. ட்ரம்மர் இகோர் கவலேரா. பிரேசிலின் பாஹியா மாநிலத்துத் தாளக்கலைஞர் கார்லினோஸ் பிரவுணை அழைத்து வந்தார்கள். சவாந்தே என்ற பழங்குடி மக்களிடமே போய், அவர்களோடு உட்கார்ந்து ஒரு துண்டைப் பதிவு செய்தார்கள். இகோரின் வாசிப்பில் வேகம் குறைந்து, நிலத்தை மிதிக்கிற கனம் வந்தது. டொம்கள் ஊர்வல மேளமாக மாறின.

எனக்கு இதில் ஒரு ஆசையும் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆசை, எங்கள் பக்கத்துப் பறைமேளக் கூத்தின் அடியை இரட்டைப் பெடலுக்கு மேல் கேட்க வேண்டும் என்பது. எச்சரிக்கை, பாட்டின் தொடக்கத்தில் பத்து வினாடி பறையை ஒட்டிவிட்டு 'எங்கள் வேர்' என்று சொல்லிக் கொள்வதைப் பற்றியது. பறை வாசிப்பவர்களை இந்த ஊர் எப்படி நடத்தி வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். சேர்ப்பதென்றால் அந்தக் கலைஞரும் குழுவில் இருக்க வேண்டும், மேடையில் நடுவில் நிற்க வேண்டும், காசிலும் சமபங்கு வேண்டும்.

அம்பாறைப் பக்கம், அக்கரைப்பற்று, கல்முனைப் பிள்ளைகள் கைமேளமான றபான் வாசித்த கையோடு வருகிறார்கள். பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் பைலாப் பாட்டின் ஆறெட்டுத் தாளம் இருக்கிறது. அந்தத் துள்ளலை உடம்பில் ஏற்றிக்கொண்டவனுக்கு அயன் மெய்டனின் மும்மூன்று அடி பாதி வந்த மாதிரித்தான்.

ஒரு கையில்லாமல் வாசிக்கும் ட்ரம்மர் இருக்கிறார் என்பது உண்மையா?

உண்மை. டெப் லெபர்ட் குழுவின் ரிக் அலன். 1984 டிசம்பர் 31ஆம் தேதி இங்கிலாந்தின் ஷெபீல்டுக்குப் பக்கத்தில் கார் விபத்தில் இடது கையை இழந்தார். அப்போது வயது 21. மருத்துவர்கள் கையைத் திரும்பப் பொருத்தினார்கள், ஆனால் கிருமித் தொற்று வந்து எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே காலால் தாளம் போட்டுப் பார்த்தார். இடது கை செய்ய வேண்டிய வேலையை இடது கால் செய்தால் என்ன என்ற யோசனை அங்கே வந்தது. சிம்மன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மின்னணு ட்ரம்ஸ் ஒன்றைச் செய்வித்தார், ஸ்னேரும் டொம்மும் இடது காலின் கீழ் உள்ள பெடல்களில் ஒலிக்கும். 1986இல் இங்கிலாந்தின் டொனிங்டன் இசைவிழாவின் பெருமேடையில் வாசித்தார். 1987இல் வந்த 'ஹிஸ்டீரியா' கோடிக்கணக்கில் விற்றது. குழு அவருக்காகக் காத்திருந்தது, வேறு ஆளைத் தேடவில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாசிப்பாகப் பார்த்தால், அவர் அடிகளைக் குறைத்தார், ஆனால் ஒவ்வொன்றையும் பெரிதாக்கினார். அந்தத் தட்டின் ஒலியே அப்படி அமைந்தது. யுத்தத்தில் கை கால் இழந்தவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்குப் பக்கத்து வீடு இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ட்ரம்ஸ் பழக விரும்பினால் வரச் சொல்லுங்கள். எந்த அடியை எந்த உறுப்புக்குக் கொடுப்பது என்பதை உட்கார்ந்து யோசித்து எடுக்கலாம்.

ஜோயி ஜோர்டிசன்?

ஸ்லிப்னொட் குழுவின் ட்ரம்மராக இருந்தவர். 2002 லண்டன் நிகழ்ச்சியில் ட்ரம்ஸ் மேடை தூக்கிச் சரிந்து சுழல, அதில் கட்டப்பட்டிருந்தபடி வாசித்தார். அதைப் பார்த்துத்தான் அரைவாசிப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். சுழல்வதை விட்டுவிட்டு அவர் கைகளைக் கேளுங்கள், ஸ்னேர் உருட்டல்கள் மிகச் சுத்தம். பிற்காலத்தில் முள்ளந்தண்டு நரம்பு நோயால் கால்கள் செயலிழந்து, உடற்பயிற்சியால் மீண்டும் வாசிக்க வந்தார். 2021 ஜூலையில் 46 வயதில் இறந்தார்.

பெண் பிள்ளைகள் வாசிக்கிறார்களா?

வாசிக்கிறார்கள். காத்தான்குடிப் பக்கமிருந்து ஒரு தாய் இதைக் கேட்டபோது நான் காட்டியது வொய்ஸ் ஒப் பாசெப்ரோட் குழுவை. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவா, கருட் பகுதியில் 2014இல் தொடங்கிய மூன்று பெண்களின் குழு, மூவரும் ஹிஜாப் அணிபவர்கள். ட்ரம்மர் யூயிஸ் சித்தி ஆயிஷா. 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்த முதல் இந்தோனேசியக் குழு அவர்கள்தான். அவருடைய ஸ்னேர் அடி நல்ல நேராக, தயக்கமில்லாமல் விழும்.

இப்போதைய தட்டுகளில் ட்ரம்ஸ் எல்லாம் கணினிதானாமே?

பாதி உண்மை. பேஸ் ட்ரம்மில் ட்ரிகர் என்ற உணரியைப் பூட்டுவார்கள், கால் பட்டவுடன் பதிவு செய்து வைத்த ஒலி கேட்கும். வேகமான காலின் அடி மெலிந்து போவதால் இது தேவைப்படுகிறது. ட்ரிகர் நேரத்தைத் திருத்தாது. நொண்டினால் நொண்டல் இன்னும் துலக்கமாகக் கேட்கும். அதனால் அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். பதிவுக்குப் பிறகு ஒவ்வொரு அடியையும் கோட்டில் இழுத்து வைப்பது வேறு விசயம், அது எனக்குப் பிடிப்பதில்லை. மெஷுக்காவின் 2005 தட்டில் ட்ரம்ஸ் முழுவதும் கணினியில் எழுதப்பட்டது, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

மனிதக் காலும் கையும் எவ்வளவு துல்லியமாக இருக்கலாம் என்று பார்க்க ஜீன் ஹோக்லனைக் கேளுங்கள். 'அணுக் கடிகாரம்' என்பது அவருக்கு ரசிகர்கள் வைத்த பட்டம். டெத் குழுவின் 1993, 1995 தட்டுகள் அவர் வாசித்தவை. பெரிய உடம்பு, ஆனால் உடம்பு அசையவே அசையாது. தேவையில்லாத அசைவு ஒன்றும் இல்லாததால்தான் அந்தத் துல்லியம்.

ட்ரம்ஸ் செட் இல்லை. மட்டக்களப்பில் எப்படிப் பழகுவது?

இங்கே முதல் செட் பெரும்பாலும் சபையிலோ, பாடசாலை பாண்டிலோ, இசைக்குழுக்காரர் வீட்டிலோதான் கிடைக்கும். கேட்டுப் பாருங்கள், தருவார்கள். செட் இல்லாத நாட்களில் பலகைத் துண்டில் பழைய டயர் டியூபை இழுத்து ஆணி அடித்தால் கைக்குப் போதும். காலுக்குக் கதிரையில் உட்கார்ந்து நிலத்தில் குதியைத் தூக்கி மாறி மாறி அடியுங்கள். போனில் தாளம் எண்ணித் தரும் மெட்ரோனோம் செயலி இலவசம். நிமிடத்துக்கு 60இல் தொடங்கி, நொண்டல் போன பிறகுதான் ஏற்ற வேண்டும். ஒரு வாரத்தில் ஏறாவிட்டால் அந்த வாரம் ஏறாதுதான், அதற்காக அழ வேண்டாம்.

செட் வைத்திருப்பவருக்கு ஒன்று. கல்லடி, நாவலடிப் பக்கம் கடல் காற்று பெடலின் ஸ்பிரிங்கையும் சங்கிலியையும் தின்றுவிடும். வாசித்து முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். பேஸ் ட்ரம்முக்குள் ஒரு பழைய தலையணையை வைத்தால் அயல் வீட்டாரோடும் சமாதானம்.

இலங்கையில் மெட்டல் இருக்கிறதா?

இருக்கிறது, பெரும்பாலும் கொழும்பில். ஸ்டிக்மாட்டா குழு 1990களின் கடைசியிலிருந்து வாசிக்கிறது. கிழக்கிலிருந்து தமிழில் பாடும் ஒரு மெட்டல் குழு வர வேண்டும் என்பது என் பெரிய விருப்பம்.

காது கெட்டுப் போகாதா?

கவனிக்காவிட்டால் கெட்டுப் போகும். லார்ஸ் உல்ரிச்சுக்கே காதில் நிற்காத இரைச்சல் இருக்கிறது, அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூடிய அறையில் ட்ரம்ஸ் அந்த 100ஐ இலேசாகத் தாண்டும். பேஸ் ட்ரம்மை விட சிம்பலும் ஸ்னேரும்தான் காதுக்கு ஆபத்து. பஞ்சு வைத்தால் போதாது. பார்மசியில் விற்கும் நுரை அடைப்பானைச் சுருட்டி உள்ளே வைத்து, விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். என் வகுப்பில் அது இல்லாமல் யாரும் ஸ்டிக்கைத் தொடுவதில்லை. வாசித்த அடுத்த நாளும் காதில் இரைச்சல் இருந்தால் ஸ்டிக்கை வைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போங்கள்.